அத்தை சும்மா படித்த சீக்குப் புத்தகம்

எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் கதைப் புத்தகம் படிக்கக் கூடாது; அறிவுப் புத்தகம் படிக்கலாம். இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஒரு சட்டம் போட்டிருப்பார்கள். நம் வயதுக்காரர்களில் சட்டம் இல்லாத வீட்டில் வளர்ந்தவர் யார் இருக்கிறார்? ஆனால் எங்கள் நைனாவின் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அறிவுப் புத்தகம் என்றால் விளக்கெண்ணெய் மாதிரி, மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளினால் உடம்புக்கு நல்லது என்று அவர் நினைத்திருந்தார். அதில் ருசி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி வண்டிப்பாதையும் வரப்புமாக நடந்தால் எங்கள் ஊர். எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. வீட்டில் நைனா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை நைனாவின் கடைசித் தங்கை; வீட்டுப் பெரியவர்களுக்கு அவள் பாப்பா. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோய், இருபத்திரண்டு வயதில் நெல் புடைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் காத்திருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். திருவள்ளூர் நூலகத்திலிருந்து வரும் தகரப் பெட்டிக்கு.

ஊராட்சி ரேடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாயங்காலம் ஒருவர் வந்து பூட்டைத் திறந்து, கூரை மேலிருக்கும் குழாயில் ஊருக்கே செய்தி வைப்பார். எங்கள் ஊர் ரேடியோக்காரரின் மேஜைக்கு அடியில்தான் நூலகப் பெட்டி இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுப் பெட்டி வைப்பார்கள். பெட்டி வந்த அன்றைக்கே கதைப் புத்தகங்களை ஆண்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அடியில் மிஞ்சுவதெல்லாம் எங்களுக்கு.

"வாம்மா, யாரும் சீந்தாத புக்கெல்லாம் அப்படியே கீது. அள்ளிக்கினு போ" என்பார் ரேடியோக்காரர். என்னவோ எங்கள் மேல் இரக்கப்பட்டுத் தருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அந்தப் புத்தகங்களின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. தகரம், கோந்து, கொஞ்சம் கரப்பான் பூச்சி. முதல் பக்கத்தில் ஊதா முத்திரை. சிலவற்றில் ஓரம் வெட்டாமல் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அப்படி ஒரு புத்தகம் கிடைத்துவிட்டால் அத்தைக்குக் கொண்டாட்டம். "நமக்கு முன்னாடி ஒருத்தரும் இத தொறக்கல பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே தென்னங்குச்சியால் பக்கம் பக்கமாகக் கீறிப் பிரிப்பாள்.

படிப்பதற்கு எங்களுக்கு இருந்த இடம் கழனியில் பம்ப் செட் அறை. கரண்ட் வரும் நேரத்தில் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அத்தையுடையது. ஈரச் சிமெண்ட்டும் கிரீஸும் கலந்த வாடை. மோட்டார் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஆகவே அத்தை எனக்குப் படித்துச் சொல்வதை எல்லாம் கத்தித்தான் சொல்வாள். உலகத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் விஷயங்கள் எல்லாமே கூச்சலாகத்தான் என் காதில் விழுந்தன.

எரிமலையைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. ஏதோ ஒரு தேசத்தில் ஒரு விவசாயி உழுதுகொண்டிருக்கிறான். அவனுடைய சோளக்கொல்லையில் தரை வெடிக்கிறது, புகை வருகிறது, மறுநாள் பார்த்தால் அங்கே ஒரு சின்ன மலை. கொஞ்ச நாளில் ஊரையே மூடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அத்தை இதை மோட்டாருக்கு மேல் கத்திக்கொண்டிருக்க, வெளியே நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள்.

"கொல்லையிலயா? மலையா?" என்றாள் ஒருத்தி.

"ஆமாக்கா. ராத்திரியோட ராத்திரியா!"

"அப்போ அந்த மலைக்கு பட்டா யார் பேர்ல?"

அத்தை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அதில் இல்லை. அன்று பொழுது சாயும்வரை நடவுப் பெண்கள் அந்த மலை யாருக்குச் சொந்தம் என்று சண்டை போட்டுக்கொண்டே நட்டார்கள். நிலம் அவனுடையது என்பதால் மலையும் அவனுக்குத்தான் என்று ஒரு கட்சி, மலை சர்க்காருக்கு என்று இன்னொரு கட்சி. நான் அப்படி ஒரு சந்தோஷமான நடவை அதற்கப்புறம் பார்த்ததில்லை.

தேனீ ஒன்று ஆடிக் காட்டியே மற்ற தேனீக்களுக்குப் பூ இருக்கும் திசையைச் சொல்லும் என்று படித்தோம். நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்று படித்துவிட்டு, அதன் முதுகை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பரீட்சைக்கு இல்லை, வேலைக்கு இல்லை. யாரும் கேட்கப்போவதில்லை. தெரிந்துகொண்டதால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அதனால்தான் அவ்வளவு இனித்தது என்று இப்போது நினைக்கிறேன். நைனா எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "நல்லா படிங்கோ, நல்லா படிங்கோ" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவார். பாவம்.

அந்தப் பருவத்துப் பெட்டியில்தான் சயரோகத்தைப் பற்றிய புத்தகம் வந்தது. அட்டையில் இரண்டு நுரையீரல்கள், சிவப்பு மையில். அத்தை அதைக் கீழே வைக்கவே இல்லை. அந்த நோய் யார் சாபத்தாலும் வருவதில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியால் வருகிறது. நல்ல வெயில் பட்டால் அந்தக் கிருமி செத்துப்போகும். இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதில்லை. நுரையீரலுக்குள் இருக்கும் காற்றறைகளைப் பற்றிய பக்கத்தில்தான் அவள் சொக்கிப்போனாள்.

"இங்க பாருடி. இந்தக் குட்டிக் குட்டி அறைய எல்லாம் பிரிச்சு விரிச்சுப் போட்டா நம்ம களமே நெறைஞ்சிடுமாம்! நெல்லு காயப்போடற களம்! அத்தினியும் இதுக்குள்ள மடிச்சு வெச்சிக்கினு நடக்கறோம்!"

மோட்டார் நின்றதும் தன் முதுகில் என் காதை வைக்கச் சொல்லி மூச்சை இழுத்து விட்டாள். பிறகு என் முதுகில் அவள் காதை வைத்தாள். இரண்டு களங்கள் அந்த அறைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அங்கே புதிதாக வந்துகொண்டிருந்த கம்பெனிகளில் ஒன்றில், இரும்பு உருக்கும் இடத்தில் பிட்டர். மழையை எதிர்பார்க்காத சம்பளம். நைனா தரையில் நிற்கவில்லை. அத்தைக்கும் ஆசை இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். "இரும்பு தண்ணி மாதிரி ஊத்தறத தெனம் பாக்கறவருடி. அவர்கிட்ட கேக்கறதுக்கு எவ்ளோ கீது" என்று என்னிடம் விரல்விட்டுக் கேள்விகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் கனகாம்பரத்தோடு அவ்வளவு அழகாக அவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, கூச்சமாக இருந்தார். பேச்செல்லாம் அவருடைய அம்மாதான். நைனா தன் சட்டத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டார். "எங்க பாப்பா கதை புக்க கையாலயும் தொடமாட்டா. எல்லாம் அறிவு புக்குதான்."

கை கழுவப் பின்கட்டுக்குப் போன மாப்பிள்ளையின் அம்மா, திரும்பி வரும்போது நெற்குதிரின் மேல் கிடந்த புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அட்டையில் அந்தச் சிவப்பு நுரையீரல்கள்.

"இது யாரும்மா படிக்கிறது?"

"நான்தாங்க" என்றாள் அத்தை.

"எதுக்கு?"

"சும்மாதாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளை ஆர்வமாக நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், அத்தை களத்தை விரிக்க ஆரம்பித்துவிட்டாள். காற்றறை, கிருமி, வெயில், எச்சில் எல்லாம் வந்தது. மாப்பிள்ளை களத்தைக் கேட்டுச் சிரித்தார். அவருடைய அம்மா மெதுவாக முந்தானையை எடுத்து மூக்கின் மேல் வைத்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு பார்த்தால் கேசரி வைத்தது வைத்தபடி இருந்தது.

நாலைந்து நாளில் தரகர் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். "பொண்ணுக்கு நெஞ்சு சீக்கு இருக்குதுன்னு சொல்றாங்கோ."

"எவன் சொன்னது?" என்று நைனா எகிறினார்.

"சீக்கு இல்லாதவ எதுக்கு சீக்கு புக்கு படிக்கிறான்னு கேக்கறாங்கோ. நான் இன்னா பதில் சொல்றது?"

எங்கள் ஊர்க் கணக்கு அப்படி. உரத்தைப் பற்றிப் படிப்பவனுக்கு நிலம் இருக்கும். சட்டத்தைப் பற்றிப் படிப்பவனுக்குக் கோர்ட்டில் வழக்கு இருக்கும். சீக்கைப் பற்றிப் படிப்பவளுக்கு என்ன இருக்கும்? தரகர் போனதும் நைனா அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, குரலை இறக்கி, "பாப்பா, ராத்திரில இருமல் கிருமல் வருதா? அண்ணன்கிட்ட மறைக்காத" என்றார். தான் போட்ட சட்டப்படி தானே படிக்கச் சொன்ன புத்தகம் என்பது அவருக்கே மறந்துபோனது.

"ஒண்ணுமில்லண்ணா. சும்மாதான் படிச்சேன்."

"சும்மா யாராவது படிப்பாங்களா?"

மறுநாள் காலை அத்தையின் தண்ணீர்த் தம்ளர் தனியாக, அடுப்பங்கரைக்கு வெளியே இருந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அண்ணி, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "இருக்கட்டும் பாப்பா, கொழந்த கீற ஊடு" என்று அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நோய் வந்த வீட்டில் யாரும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காத காலம் அது. ஆனால் அன்றைக்குப் பம்ப் செட் அறையில் அத்தை முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், எனக்கு அம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அம்மா தன் பங்குக்கு ஒரு பரிகாரமும் செய்தாள். அமாவாசைக்குத் திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோயும் அதோடு கரைந்துபோகும் என்பது உங்களுக்குத் தெரியும். நாலா பக்கத்திலிருந்தும் ஜனம் வரும். "சீக்கு இருந்தா கரையட்டும், இல்லன்னா புண்ணியம்" என்று அத்தையை இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். படியெல்லாம் பாகு. காலடியில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. அத்தை வெல்லக் கட்டியைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நாலு படி தள்ளி, தன் முழங்கால் வலிக்கு வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் கையிலிருந்த வெல்லத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். பரிகாரத்துக்குப் போன இடத்தில் அம்மா நோயை ஊர்ஜிதம் செய்துவிட்டு வந்தாள்.

இனி ஒரே வழிதான் என்று நைனா அத்தையைத் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சைப் படம் எடுத்தார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அலைச்சலில் நைனாவின் முகம் வாடியிருந்தது, அத்தையின் முகம் திருவிழாவுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. பழுப்பு உறையிலிருந்து அந்தக் கருப்புப் படத்தை உருவி என் முன்னால் பிடித்தாள். "என்னோடதுடி! உள்ள கீற என்னோடது! புக்குல போட்டது யாரோடதோ. இது நானு!" ஒரு குற்றமும் இல்லை என்று டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த சீட்டை அவள் பார்க்கக்கூட இல்லை.

தரகர் ஓடியாடி ஏற்பாடு செய்தார். அடுத்த அமாவாசைக்கு இரண்டு வீட்டாரும் குளத்தங்கரை மண்டபத்தில் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்தித்தோம். நைனா டாக்டர் சீட்டை நீட்டினார்.

"டப்பு குடுத்தா யாரும் எழுதிக் குடுப்பாங்கோ" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "படம் எங்க? அத காட்டு."

நைனா திணறினார். அவருக்குத் தலை எது, கால் எது என்று தெரியவில்லை. அத்தை முன்னால் வந்து படத்தை வாங்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். "இது வெலா எலும்புங்க. எலும்பு வெள்ளையா தெரியும், காத்து இருக்கற எடம் கருப்பா தெரியும். இப்படி ஒரே கருப்பா இருந்தா நல்லதுங்க. சீக்கு இருந்தா அங்கங்க வெள்ளையா மேகம் படிஞ்ச மாதிரி இருக்கும்."

குளத்துக்கு வந்த ஜனம் எட்டிப் பார்த்தது. எல்லாரும் ஏதோ ஒரு நோயோடு வந்தவர்கள்தானே. மூச்சிரைப்போடு இருந்த ஒரு பெரியவர், "எம்மா, எனக்கு இழுக்குதே, அது எந்த எடத்துல?" என்று கேட்டார். ஒரு பெண், சோறு போகிற குழாயும் காற்றுப் போகிற குழாயும் ஒன்றா என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் மண்டபமே நிறைந்துவிட்டது. அத்தை எல்லாருக்கும் காட்டிக்காட்டிச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். மாப்பிள்ளையும் கழுத்தை நீட்டிப் படத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். அவருடைய அம்மா அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"சரி, சீக்கு இல்ல. ஒத்துக்கினேன்" என்றார் அந்த அம்மா. நைனாவுக்கு மூச்சு வந்தது. "ஆனா ஒண்ணு. எங்க ஊட்டுக்கு வந்தா இந்த மாதிரி புக்கெல்லாம் படிக்கக் கூடாது. கதை புக்கு வேணா படிக்கட்டும், எங்க தெருவுல எல்லா பொண்ணுங்களும் படிக்குது. சும்மா படிக்கிறேன்றா பாரு, அதான் எனக்கு பயமா கீது."

"அவ்ளோதானே! விட்டுடுவாம்மா" என்றார் நைனா. அம்மா குளத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அத்தை படத்தை இறக்கினாள். "சீக்கு புக்கு மட்டும்தானேங்க?"

"எல்லாம்தான்."

"தேனீ, நிலா பத்தின்னா?"

"நிலாவ பத்தி உனக்கு இன்னாத்துக்கும்மா?"

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவரும் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அந்த ஒரு கணம் அவர் ஏதாவது சொல்லிவிடுவார் என்று நான்கூட நம்பினேன். "அம்மா சொல்றாங்களே" என்றார்.

"அப்போ வேணாங்க" என்றாள் அத்தை. கோபம் இல்லை. படத்தை உறைக்குள் மெதுவாகப் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் தரகர் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அத்தைக்குப் பல வருஷம் கழித்துப் பொதட்டூர்பேட்டையில் உரக்கடை வைத்திருந்தவரோடு கல்யாணம் ஆனது. அவர் நல்ல மாதிரி. மனைவி என்ன படிக்கிறாள் என்று திரும்பிப் பார்க்காதவர். அந்த நெஞ்சுப் படம் எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்ததோ தெரியவில்லை. இதெல்லாம் பிறகு நடந்தது. நான் சொல்ல வந்தது அன்றைக்கு நாங்கள் ரயிலில் திரும்பி வந்ததை.

அம்மா தனியாக ஒரு பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அத்தையும் நானும். ஜன்னலோரம் நைனா. மகளைப் போல வளர்த்த தங்கையின் வாழ்க்கை குளத்தோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருப்பார். வீட்டுக்குப் போனதும் அத்தைக்கு அடி விழும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். புட்லூர் தாண்டியதும் அவர் கையை நீட்டினார்.

"அத குடு."

அத்தை உறையைக் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே வீசப்போகிறார் என்று நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நைனா படத்தை உருவினார். தலைகீழாகப் பிடித்தார், பிறகு அவரே திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கருப்பெல்லாம் காத்தா?"

"ஆமாண்ணா."

"எனக்கும் உள்ள இப்படித்தான் கீதா?"

"எல்லாருக்கும் இப்படித்தாண்ணா."

நைனா தன் மார்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நாம தூங்கறப்போ நம்ம நெனப்பே இருக்கறதில்ல. அப்போ யாரு இத இழுத்து இழுத்து உடறது?"

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தெரிலண்ணா. அந்த புக்குல அது இல்ல."

"வேற புக்குல இருக்குமா?" என்றார் நைனா.

மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால் அழாத அத்தை, அப்போதுதான் அழுதாள்.